இரண்டு காதுக்கு நடுவே ஒரு தராசு

தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்து 43 நிமிடம் பேட்டி எடுத்தேன். பேசியவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். ஊரின் மலைக்கோட்டையைப் பற்றி யார் கேட்டாலும் கடைக்காரர் அவரைத்தான் கைகாட்டுவாராம். 1790-இல் திப்பு சுல்தானின் படை வந்து இந்தக் கோட்டையை முட்டிப் பார்த்ததையும், உள்ளே இருந்த ஆங்கிலேயப் படை அசைந்து கொடுக்காததால் கிளம்பிப் போனதையும், என்னவோ போன வாரம் இதே பெஞ்சிலிருந்து பார்த்த மாதிரி சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். தலையாட்டினேன், சிரித்தேன், நடுவில் குறுக்குக் கேள்விகூடக் கேட்டேன். போன் பெஞ்சின்மேல் எங்கள் இருவருக்கும் நடுவில் சமர்த்தாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், பெரியவரைக் காணோம்!

பாய்லர் இருக்கிறது. டீ மாஸ்டர் கிளாஸ் அலசுவது இருக்கிறது. பக்கத்துக் கடை பரோட்டாக் கல்லில் கொத்துக் கரண்டி போடும் தாளம் ஒரு அடி பிசகாமல் இருக்கிறது. "கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சேலம்" என்று மூச்சுவிடாமல் கூவும் கண்டக்டர் இருக்கிறார். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாட்டை அலறவிட்டபடி கடந்து போனது. பல்லவி, சரணம் இரண்டும் இருக்கின்றன. திப்பு சுல்தான் மட்டும் ரசத்துக்கு அடியில் மண்டி மாதிரி எங்கோ கிடக்கிறார்.

முதலில் போன்மேல் கோபம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது: இந்தச் சத்தமெல்லாம் அங்கேயும் இருந்ததுதானே? என் காதிலும் விழுந்ததுதானே? பெரியவரின் வாய்க்கு என் காதைவிட அந்தப் போன் கிட்டத்தில் இருந்தது. அதற்குக் கேட்காதது எனக்கு எப்படிக் கேட்டது?

விடை சின்னது. போன் பதிவு செய்தது ஒற்றைத் தடத்தில். அதற்கு ஒரே காது. எனக்கு இரண்டு. அந்த இரண்டாவது காது ஸ்டெப்னி டயர் இல்லை, ஒன்று பஞ்சரானால் மாட்டிக்கொள்வதற்கு. இரண்டும் சேர்ந்து தலைக்குள் ஒரு கள்ளக் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கு எழுதப்படும் இடத்தை எட்டிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. வாருங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள்.

அதற்கு முன்னால் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த கல்யாணத்தில், நாதஸ்வரம் ஒரு பக்கம், ஜெனரேட்டர் ஒரு பக்கம், நானூறு பேர் பேச்சு ஒரு பக்கம் என்று மண்டபம் அதிரும்போது, எதிரில் இருக்கும் அத்தையின் பேச்சைக் கேட்டபடி ஒரு காதை விரலால் நன்றாக அடைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறையும். குறைந்தால் நன்றாகத்தானே கேட்க வேண்டும்? கேட்காது. அத்தை மற்றவர்களோடு கலந்து கூழாகிவிடுவார். விரலை எடுங்கள்: அத்தை தனியாக எழுந்து வருவார், கூட்டம் ஓரம் ஒதுங்கும்.

சரி, உள்ளே போவோம்.

பெரியவர் என்னை உட்காரவைத்த விதத்திலிருந்து தொடங்குகிறேன். நான் போய் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். "அந்தப் பக்கம் வேணாம் தம்பி, இந்தப் பக்கம் வாங்க" என்று எழுப்பி வலது பக்கம் உட்காரவைத்தார். ஏன் என்று அப்போது கேட்கவில்லை. ஆக, அவர் எனக்கு இடப்பக்கம். அவர் குரல் முதலில் என் இடது காதைத் தொடுகிறது. பிறகு தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். தலை என்ன பெரிய தலை! அதிகபட்சத் தாமதமே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடாது, 0.7 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். கண் ஒருமுறை இமைப்பதற்குள் அந்தத் தாமதம் நூறு தடவைக்கு மேல் அடங்கும்.

இதைக் கூடவா மூளை கவனிக்கிறது என்கிறீர்களா? இதைவிடச் சின்னதையெல்லாம் கவனிக்கிறது. நொடியை ஒரு லட்சம் துண்டாக நறுக்கினால் வரும் ஒரே ஒரு துண்டு, அதாவது 10 மைக்ரோ நொடி முன்பின் இருந்தால்கூட, பழகிய காதுக்காரர் 'சத்தம் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தது' என்று சொல்லிவிடுவார். இத்தனைக்கும் ஒரு நரம்பு செல் ஒருமுறை துடித்து அடங்கவே சுமார் 1 மில்லி நொடி ஆகும். தன் துடிப்பைவிட நூறு மடங்கு நுணுக்கமான வித்தியாசத்தை அந்த செல்கள் கூட்டாகச் சேர்ந்து பிடிக்கின்றன. கை நடுங்கும் கிழவர்கள் நூறு பேர் சேர்ந்து ஊசியில் நூல் கோத்த கதை இது. எனக்கு இதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

நேரம் மட்டும் இல்லை, நிழலும் உண்டு. பெரியவர் 'செஞ்சி' என்று சொன்னால் அந்தச் 'ச' கீச்சென்ற ஒலி, அலை குட்டி. குட்டி அலைகளுக்கு என் மண்டை ஒரு மலை. சுற்றிக்கொண்டு வர முடியாமல் வலது காதுக்கு மங்கலாகத்தான் போய்ச் சேரும். 'ஊர்' என்ற சொல்லின் 'ஊ' நீண்ட அலை. அது மண்டையைச் சட்டைசெய்யாமல் வளைந்து போய்விடும். ஆகவே தாழ்ந்த ஒலிக்கு நேர வித்தியாசம், உயர்ந்த ஒலிக்குச் சத்த வித்தியாசம் என்று மூளை இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. இதை 1907-இல் எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. தன் இரண்டு காதுக்கும் சற்றே சுருதி பிசகிய இரண்டு இசைக்கவைகளைக் கொடுத்து, சத்தம் தலைக்குள் இடமும் வலமுமாக ஊஞ்சலாடுவதை உட்கார்ந்து ரசித்த மனிதர். கட்டுரை வந்தது பிலாசபிகல் மேகசின் இதழில். அதே இதழில் சில மாதங்களுக்கு முன், 1906 நவம்பரில், சென்னை மாநிலக் கல்லூரி மாணவன் ஒருவனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகியிருந்தது. பையனுக்கு வயது 18. பெயர் சி.வி. ராமன். அது ஒளியைப் பற்றியது, நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது காதுக்குள் இறங்கி, நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவைத் தாண்டி, ஒரு பக்கத்துக்குச் சுமார் 30,000 நரம்பிழைகள் போகும் வழியிலேயே போனால், மூளையின் தண்டுப் பகுதியில், கழுத்துக்குச் சற்று மேலே, ஓர் இடம் வரும். மேல் ஆலிவ் என்று பெயர். இரண்டு காதின் சேதிகளும் முதன்முதலாக நேருக்கு நேர் சந்தித்துக் கலந்து பேசும் இடம் இதுதான். மேலே, பெரிய மூளையில், இது என்ன மொழி, என்ன வார்த்தை, யார் குரல் என்ற விசாரணை தொடங்குவதற்குள் கீழே இந்தச் சின்ன ஆபீசில் பாதி வேலை முடிந்திருக்கும். தாசில்தார் கையெழுத்துக்கு முன்பே கிளார்க் எல்லாவற்றையும் முடித்துவைத்திருப்பது போல.

அங்கே ஒரு பகுதி, இரண்டு பக்கத்துத் துடிப்பும் ஒரே நேரத்தில் வந்தால் குதிக்கும். இன்னொரு பகுதி நிஜமாகவே கழித்தல் போடும்: தன் பக்கத்துக் காது 'ஏறு' என்று தூண்டும், எதிர்ப்பக்கத்துக் காது 'இறங்கு' என்று அமுக்கும். எதிர்ப்பக்கத்துச் சேதி சுற்றி வர வேண்டும், நடுவில் ஒரு கைமாற்றமும் உண்டு. ஆனால் தாமதமாக வந்தால் கணக்குக் கெட்டுவிடும். அதனால் அந்தக் கைமாற்றத்தில் மூளையின் மிகப் பெரிய நரம்பு இணைப்புகளில் ஒன்றை வைத்திருக்கிறது இயற்கை. ஒரு நரம்பு முனை அடுத்த செல்லைப் பூவின் புல்லிவட்டம் மொட்டைப் பிடித்திருப்பது போல மொத்தமாகக் கவ்விப் பிடித்திருக்கும். 1893-இல் ஹான்ஸ் ஹெல்ட் என்ற ஜெர்மானியர் இதைப் பார்த்து விவரித்தார். இன்றும் அது ஹெல்டின் புல்லிவட்டம்தான். எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்கு மட்டும் தனி டோல் வழி திறந்துவிட்ட மாதிரி.

கழித்தல் என்றேனே, அதைக் கண்ணால் பார்க்க, இல்லை, காதால் பார்க்க ஆசை வந்துவிட்டது. 1948-இல் அமெரிக்காவில் இரண்டு பேர் செய்த சோதனை உண்டு. ஐரா ஹர்ஷ் வெறும் ஒலியை வைத்தும், லிக்லைடர் பேச்சை வைத்தும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானத்து இரைச்சலில் விமானிக்குச் சேதி புரியவில்லையே என்று ஹார்வர்டில் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள். (இந்த லிக்லைடர்தான் பின்னாளில் கணினிகளையெல்லாம் வலைபோலக் கோக்க வேண்டும் என்று கனவு கண்டு இன்டர்நெட்டுக்கு விதை போட்டவர்களில் ஒருவர். காதிலிருந்து இன்டர்நெட்!) அந்தச் சோதனைக்கு அன்று ஓர் ஆராய்ச்சிக்கூடம் வேண்டியிருந்தது. இன்று ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளும், இருநூறு ரூபாய் ஹெட்போனும், ப்ளஸ் ஒன் படிக்கும் மகளும் போதும்.

இரைச்சல் ஒரு தடம். மழை மாதிரி 'ஷ்ஷ்ஷ்'. அதோடு 500 ஹெர்ட்ஸில் சங்கு ஊதுவது போல மெல்லிய 'ஊ...' விட்டுவிட்டு வரும்படி ஒன்று. இரண்டையும் இரண்டு காதுக்கும் ஒரே மாதிரி கொடுத்தேன். 'ஊ'வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்.

"இப்ப?"

"மழைதான்பா கேக்குது. வேற ஒண்ணும் இல்ல."

நல்லது. சத்தத்தைத் தொடவில்லை. வலது காதுக்குப் போகும் 'ஊ'வை மட்டும் தலைகீழாக்கினேன். அலையின் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும்; அளவு அதேதான்.

"ஐயோ! இப்ப கேக்குதே! வால்யூம் வச்சீங்களா?"

இல்லவே இல்லை. இந்த ஒரு புரட்டலில் கிடைக்கும் லாபம், இப்படித் தாழ்ந்த ஒலிகளுக்கு, சுமார் 15 டெசிபல் வரை போகும். அதாவது 'ஊ'வின் சக்தியை முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் மறுபடி இரைச்சலில் முழுகும்.

இதற்கே மகள் ஹெட்போனைக் கழற்றி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வித்தைக்குத்தான் நானே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வலது காதை முழுக்க அணைத்துவிட்டேன். இடது காதில் மட்டும் இரைச்சலும் 'ஊ'வும். 'ஊ' கேட்காத அளவுக்குக் குறைத்தாயிற்று. இப்போது வலது காதுக்கு வெறும் இரைச்சலைக் கொடுத்தேன். வெறும் இரைச்சல்! உதவி கேட்டவனுக்கு இன்னும் தொல்லை கொடுப்பது. என்ன ஆக வேண்டும்? இன்னும் மோசமாக வேண்டும்.

"கேக்குது."

இரைச்சலைக் கூட்டினேன், கேட்காத ஒலி கேட்கிறது. சரி, வலது காதிலும் அதே 'ஊ'வைச் சேர்த்தால் இன்னும் பிரமாதமாகக் கேட்குமே என்று சேர்த்தேன்.

"போச்சு. மழைதான்."

சத்தத்தைச் சேர்த்தேன், கேட்டது காணாமல் போகிறது! வீட்டில் ராத்திரி பதினொன்றரை மணிக்கு இரண்டு பேர் ஒரு ஹெட்போனை வைத்துக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தால் மூன்றாவது ஆள் எழுந்து வந்து என்ன என்று கேட்கத்தான் செய்வார். கேட்டார். அவருக்கும் மாட்டிவிட்டோம்.

இதற்குப் பின்னால் இருப்பது சந்தையில் பார்க்கிற தட்டுத் தராசுதான். இரண்டு தட்டிலும் ஐந்து கிலோ கல்லை வையுங்கள். முள் நடுவில் நிற்கும். இப்போது ஒரு தட்டில் மட்டும் ஒரு பிடி மல்லாட்டையைப் போடுங்கள்: முள் சாய்ந்துவிடும். ஐந்து கிலோவுக்கு முன்னால் ஒரு பிடி மல்லாட்டை எம்மாத்திரம்? ஆனால் தராசு எடையைப் பார்ப்பதில்லை, வித்தியாசத்தைப் பார்க்கிறது. எதிர்த்தட்டில் கல்லே இல்லாவிட்டால் ஐந்து கிலோவோடு கிடக்கும் மல்லாட்டை கண்ணுக்கே தெரியாது; வலது காதுக்கு இரைச்சலைக் கொடுத்தது எதிர்த்தட்டில் கல் வைத்த வேலை. இரண்டு தட்டிலும் மல்லாட்டை போட்டேன், முள் மறுபடி நடுவுக்கு வந்துவிட்டது. தலைகீழாக்கியதோ ஒரு தட்டில் போட்டு மறு தட்டிலிருந்து எடுத்த மாதிரி, சாய்வு இரட்டிப்பு. 1963-இல் எம்.ஐ.டி.யின் நதானியல் டர்லாக் இதைக் கணக்காகவே எழுதிவிட்டார்: மூளை முதலில் இரண்டு காதின் இரைச்சலையும் நேரத்திலும் அளவிலும் சமன்செய்கிறது, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. மிச்சம் நிற்பது பேச்சு.

'காது கொடுத்துக் கேள்' என்று ஒருமையில் சொல்லிவைத்தவர்கள்மேல் அன்றிரவு எனக்குக் கொஞ்சம் வருத்தம். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவது என்று வேறு திட்டுகிறோம். அந்தக் காதில் எதுவும் வெளியே போவதில்லை. அந்தக் காது இந்தக் காதுக்கு எடைக்கல்.

கோட்டையைப் பற்றிப் பேசும்போது பெரியவர் ஒன்று சொன்னார்: பாறை இடுக்கில் கூகை உண்டு, இருட்டினதும் இறங்கி வரும். கூகையை இந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனால் பாவம். ஏனென்றால் 1948-இல், அதே வருஷம், லாயிட் ஜெஃப்ரஸ் என்பவர் வெறும் கற்பனையில் ஒரு படம் போட்டார்: இரண்டு காதிலிருந்தும் நரம்புகள் எதிரெதிராக வந்து வரிசையாக நிற்கும் செல்களைத் தொட்டுக்கொண்டே போகும், எந்த செல்லில் இரண்டு சேதியும் ஒன்றாக வந்து மோதுகிறதோ அதுவே சத்தம் வந்த திசை. நாற்பது வருஷம் கழித்து, 1988-இல், கேத்தரின் காரும் மசகாசு கொனிஷியும் கூகையின் மூளைக்குள் பார்த்தால் ஏறக்குறைய அந்தப் படமே உள்ளே இருந்தது. கும்மிருட்டில் சருகுக்கடியில் எலி நகரும் சத்தத்தை மட்டும் வைத்துப் பாய்ந்து பிடிக்கிற பறவை. நமக்கும் மற்ற பாலூட்டிகளுக்கும் அதே படம்தானா என்பதில் ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் 'இறங்கு' என்று அமுக்கும் நரம்புகளுக்குப் பங்கு அதிகம் என்பது ஒரு கட்சி. நான் கூகை கட்சி, படம் அழகாக இருப்பதால். இது அறிவியல் காரணம் இல்லை.

இன்னொரு துணுக்கும் சொல்லிவிடுகிறேன். காதுகளுக்கு நடுவே தூரம் கூடினால் தாமதம் கூடும், திசை இன்னும் துல்லியமாகும். இதைப் பிடித்துக்கொண்டு முதல் உலகப் போரில், வருகிற விமானத்தின் திசையைக் கண்டுபிடிக்க, ஆளுயர நாதஸ்வர அணைசு போன்ற குழாய்களை விலக்கி வைத்து, அதிலிருந்து ரப்பர் குழாய் இழுத்துப் படைவீரர்களின் இரண்டு காதிலும் மாட்டினார்கள். ரேடார் வந்ததும் அதெல்லாம் பழைய இரும்புக்குப் போனது. அந்தப் படங்களைப் பார்த்தால் காது குத்து விழாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே செலவு செய்துவிட்டார்கள் என்று தோன்றும்.

டீக்கடைக்குத் திரும்புவோம். ஹெட்போனில் 15 டெசிபல் கிடைத்தது என்பதற்காக தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் 15 கிடைக்காது. அங்கே இரைச்சல் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. பாய்லர் ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம். தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி வேறு. இப்படிப்பட்ட இடத்தில் கழித்தலால் கிடைப்பது இரண்டு மூன்று டெசிபல்தான். அதைவிடப் பெரிய லாபம் தலையின் நிழலால் வரும்: பெரியவர் பக்கத்துக் காதுக்கு பஸ் ஹாரன் மங்கலாக வருகிறது, மூளை அந்தக் காதின் பக்கம் சாய்ந்துகொள்கிறது. இரண்டு மூன்று டெசிபல் என்று இளக்காரமாகப் பார்க்காதீர்கள். பாதி புரிந்து பாதி புரியாத எல்லையில் ஒரே ஒரு டெசிபல் கூடினால் பத்துச் சதவீதம் போல வார்த்தைகள் அதிகம் புரியும். திப்பு வந்தாரா போனாரா என்பது அந்த மூன்று டெசிபலில் இருக்கிறது.

எதிரொலியையும் மூளை சும்மா விடுவதில்லை. முதலில் வந்த சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முப்பது நாற்பது மில்லி நொடிக்குள் வரும் நகல்களை அதற்குள்ளேயே சுருட்டிவிடும். அதற்கு மேல் தாமதமானால் தோற்றுப்போகும். ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழாவில் தெருவெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்களே, அங்கே பாருங்கள். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் பாட்டு பக்கத்துக் குழாயைவிட 0.3 நொடி பிந்தி வரும். அம்மன் பாட்டை அம்மனே எதிர்ப்பாட்டுப் பாடுவது போல இரட்டையாகக் கேட்கும். அது மூளை கைவிரித்த தருணம். ஸ்பீக்கர் செட் அண்ணன்மேல் பழி போடாதீர்கள்.

அப்புறம் மேலே, பெரிய ஆபீசில், எதைக் கேட்பது என்ற முடிவு. 1953-இல் காலின் செர்ரி என்பவர் இரண்டு காதில் இரண்டு பேச்சைப் போட்டு, ஒன்றை மட்டும் கூடவே திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னார்கள். மறு காதில் என்ன ஓடியது என்று கேட்டால் ஆணா பெண்ணா என்பது தெரிந்திருந்தது. ஆங்கிலம் நடுவில் ஜெர்மனாக மாறியது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை! ஆனால் கேட்காத காதில் அவரவர் பெயரைச் சொன்னால் சிலருக்கு மட்டும் சட்டென்று உறைத்ததை 1959-இல் இன்னொருவர் காட்டினார். கல்யாண மண்டபத்தில் மூன்று வரிசை தள்ளி யாரோ உங்களைப் பற்றிப் பேசினால் மட்டும் கேட்டுவிடுகிறதே, அதன் ஆராய்ச்சிக்கூட வடிவம்.

பெரியவர் ஏன் என்னை இடம் மாற்றினார்? இரண்டாவது முறை போனபோது கேட்டேன். "சின்ன வயசுல எடது காதுல சீழ் வடிஞ்சுது தம்பி. யாரு பாத்தா அப்ப? தேங்காண்ணெய காய்ச்சி ஊத்துனாங்க. இந்தக் காதுலதான் ஓட்டறன்" என்று வலது காதை ஒரு தட்டுத் தட்டினார். வீட்டில் அமைதியாக இருந்தால் எந்தக் குறையும் தெரியாதாம். சந்தைக்குப் போனால், கல்யாணத்துக்குப் போனால் தலை வலிக்குமாம். தலை வலிக்காதா? ஒரு தட்டோடு தராசு பிடிக்கிறார் அவர். யார் பேசினாலும் முகத்தைத் திருப்பி, வலது காதைக் குறிவைத்து, உதட்டையும் பார்த்து, பாதியை ஊகித்து ஓட்டுகிறார். தடுப்பறைக்குள் உட்காரவைத்து 'பீப் கேட்டால் கையைத் தூக்குங்க' என்கிற காது டெஸ்ட் ஒவ்வொரு காதையும் தனித்தனியாக, நிசப்தத்தில் அளக்கிறது. பஸ் ஸ்டாண்டை அது அளப்பதில்லை.

இரண்டு காதும் மந்தமானவர்கள் கதை வேறு. என் அம்மாவுக்கு இரண்டு காது மிஷின். "ரெண்டையும் போட்டா எல்லாரும் ஒண்ணாக் கொழம்புறாங்கடா, ஒண்ணு போதும்" என்பார். அடம் என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் ஓரிகனில் லினா ரைஸ் என்பவரின் குழு பல வருஷமாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறது. நல்ல காது உள்ளவருக்கு இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே சுருதி வந்தால்தான் மூளை ஒன்றாக இணைக்கும். செவித்திறன் குறைந்தவர்களில் சிலருக்கோ, மூன்று நான்கு ஸ்தாயி தள்ளி இருக்கும் இரண்டு ஒலிகள்கூட ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. 2021-இல் வந்த ஆய்வில், ஒரு காதில் ஒரு உயிரெழுத்தை ஆண் குரலிலும் மறு காதில் வேறு உயிரெழுத்தைப் பெண் குரலிலும் கொடுத்தால், நல்ல காதுக்காரர்கள் இரண்டாகக் கேட்டார்கள். மந்தமான காதுக்காரர்கள் பலர் இரண்டும் கலந்த, யாருமே சொல்லாத மூன்றாவது ஒன்றைக் கேட்டார்கள். அம்மாவின் 'கொழம்புறாங்க'வுக்கு ஆய்வுக் கட்டுரையே இருக்கிறது! போன் போட்டுச் சொன்னேன். "அதைத்தானே நான் சொன்னேன்" என்றார். மிஷினைக் கழற்றிப் பெட்டியில் வைக்காமல், ஆடியாலஜிஸ்டிடம் கொண்டுபோய் இந்தக் குழப்பத்தைச் சொல்லி அளவு மாற்றிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மிஷின்தான் நல்லது. கடையில் 'ஒண்ணே போதும்' என்று காசை மிச்சம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை.

பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைக்கிறார்கள். பேச்சே வராமல் போயிருக்கக்கூடிய பிள்ளைகள் பேசுகிறார்கள், பெரிய விஷயம். பெரும்பாலும் ஒரு காதுக்குத்தான் கிடைக்கிறது. நாற்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பில் அந்தக் குழந்தையும் தியாகதுருகம் பெரியவரைப் போல ஒற்றைத் தட்டில்தான் நிறுக்கிறது. கேட்கிற பக்கம் டீச்சர் இருக்கும்படி முன் பெஞ்சில் உட்காரவைக்க அரசாணை எதுவும் தேவையில்லை.

இரண்டாவது முறை போனேன் என்றேனே, வெறும் கையோடு போகவில்லை. இரண்டு காலர் மைக் வாங்கி, ஒன்றை இடது காது ஓட்டை வாசலிலும் மற்றொன்றை வலது காது வாசலிலும் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு, ஒயரைச் சட்டைக்குள் விட்டு, பாக்கெட்டில் இருந்த ரெக்கார்டரில் இரண்டு தடமாகச் செருகியிருந்தேன். என் தலை போடும் நிழல், என் தலை உண்டாக்கும் தாமதம் எல்லாம் அப்படியே பதிவாக வேண்டும் என்று ஏற்பாடு. அதே பெஞ்ச், அதே பாய்லர், அதே 'சேலம் சேலம் சேலம்'. பெரியவர் என் காதை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. திப்புவில் தொடங்கி, கோட்டைக்கு அடியிலிருந்து செஞ்சி வரைக்கும் குதிரையே ஓடக்கூடிய சுரங்கப்பாதை போவது வரை சொல்லி முடித்தார்.

ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்! பஸ் வலது பக்கம் உறுமுகிறது, பாய்லர் தன் மூலையில் கொதிக்கிறது, பெரியவர் என் இடது தோளுக்குப் பக்கத்தில் மூச்சு விடுகிறார். வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. ஒரே தடமாகக் கலந்து போட்டுப் பார்த்தேன்: கூழ். மறுபடி இரண்டு தடம்: பெரியவர் எழுந்து வந்தார். நாலைந்து முறை அப்படியும் இப்படியும் மாற்றி மாற்றிப் போட்டு விளையாடினேன்.

அப்போதுதான், 31-ஆவது நிமிடத்தில், சுரங்கப்பாதையில் குதிரை ஓடிக்கொண்டிருந்த இடத்தில், எனக்கு வலது பின்பக்கம், அன்று கதையில் மூழ்கி நான் கவனிக்காமல் விட்ட இரண்டு குரல்கள் தனியாகப் பிரிந்து வந்தன. கிளாஸ் அலசும் சத்தத்துக்கு நடுவில் ஒரு பையன் கேட்கிறான்: "அண்ண, தாத்தா இன்னிக்கு யாரு காதுல பூ சுத்துறாரு?"

டீ மாஸ்டர் சொல்கிறார்: "பாத்தா தெரில? ரெண்டு காதுலயும் கருப்பா என்னாவோ வச்சிக்கினு ரெடியா வந்து குந்தியிருக்காரு பாரு, அவருக்குத்தான்."